சம்பந்திகள் இறக்கிய கியர்பாக்ஸ்

ஒரு பழைய காருக்கு அடியில் இரண்டு பெரியவர்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பேனரை நடுவில் வைத்து, "நீங்க முதல்ல", "இல்ல இல்ல, நீங்க முதல்ல" என்று உபசாரம் செய்துகொண்டிருந்தால் அவர்கள் சம்பந்திகள் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேறு எந்த உறவும் இவ்வளவு மரியாதையைத் தாங்காது. மச்சான்களாக இருந்திருந்தால் இதற்குள் நாலு வசவும் ஒரு கைகலப்பும் முடிந்து, கியர்பாக்ஸ் தரைக்கு வந்திருக்கும்.

இருவரில் குண்டாக இருந்தவர் பெண்ணைப் பெற்றவர். காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுக்கும் தொந்தி வளர்த்திருந்தார். ஒல்லியாக நெடுநெடுவென்று இருந்தவர் பிள்ளையைப் பெற்றவர். லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்து கடைந்து, தன்னையும் கொஞ்சம் கடைந்துகொண்டவர் போல இளைத்துப்போனவர். கார் நின்ற வீடு இந்தக் கடைசல்காரருடையது. மனைவி போன பிறகு மகனும் மருமகளும்தான் அவருக்கு வீடு நிறைந்த துணை.

கார் அந்தப் பிள்ளைகளுடையது. அதன் வயதைக் கேட்பது மரியாதை இல்லை. மூன்றாவது கியர் விழுவதே இல்லை. தப்பித்தவறி விழுந்தால் எழுந்திருப்பதில்லை. கியர்பாக்ஸ் பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். பட்டறையில் வண்டி நிறுத்த இடமில்லையாம். பெட்டியை மட்டும் இறக்கிக் கொண்டுவந்தால் அன்றைக்கே பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றாராம். மகள் இதைப் போனில் சொன்னதும் ஓட்டுநர், "அதுக்கென்ன, நான் வந்து சம்பந்தியோட சேர்ந்து இறக்கிடறேன்" என்று முந்திக்கொண்டார்.

அவர் முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காலம் முழுக்க இரும்போடு வாழ்ந்தவர் சம்பந்தி, அவருக்குத் தெரியாத போல்ட்டா என்பது அவருடைய கணக்கு. கடைசல்காரருடைய கணக்கோ, காலம் முழுக்கக் கியர் போட்டவர் சம்பந்தி, அவருக்குத் தெரியாத கியர்பாக்ஸா என்பது. உண்மையில் ஓட்டுநர் எந்த வண்டியின் அடிவயிற்றையும் பார்த்தவர் அல்ல. பேருந்து நின்றால் டிப்போவுக்குத் தகவல் சொல்லிவிட்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுவார். கடைசல்காரர் கையில் கொடுத்த இரும்பைக் கடைந்து கொடுத்தவரே தவிர, அது எந்த வண்டியின் எந்த மூலைக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டவர் அல்ல. ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டி, தலையாட்டியதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, நேற்றுக் காலை இருவரும் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஆனால் ஓட்டுநர் இவ்வளவு தூரம் வந்தது கியர்பாக்ஸுக்காக அல்ல.

மாப்பிள்ளைக்கு ஓட்டுநரின் ஊருக்கே வேலை மாற்றல் கிடைத்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண் கைக்கெட்டும் தூரத்துக்கு வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் ஓட்டுநர் தன் வீட்டு மாடிக்கு வெள்ளையடித்து, குழாய் மாற்றி, ஜன்னலுக்குத் திரைகூட வாங்கிவிட்டார். வண்டி சரியானதும் கிளம்பி வருவதாகத்தான் பேச்சு. திரை மாட்டி முடித்த அன்று மகள் போன் செய்தாள். மாமா வராமல் நாங்கள் வரமாட்டோம், அவரைத் தனியாக விட்டுவிட்டு என்னால் வர முடியாது என்றாள். அவர் மகனும் கேட்டாயிற்று, அவளும் கேட்டாயிற்று. "எனக்கென்ன, நான் இங்கேயே இருந்துக்குவேன், நீங்க சந்தோஷமா கிளம்புங்க" என்ற ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறாராம். வாரக் கடைசிக்குள் அவர் மனம் மாறாவிட்டால், மாப்பிள்ளை மாற்றலை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறார்.

"நீங்க வந்து கூப்பிட்டாத்தான்ப்பா சரியா இருக்கும்" என்றாள். "நாங்க போகாம இருக்கப்போறோம்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நமக்காக வேண்டா வெறுப்பா கிளம்பி வருவார்."

சொல்வது சுலபம். ஓட்டுநருக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டவில்லை. சம்பந்தி 'இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டினது மாதிரி. அதற்கு மேல் வற்புறுத்தவும் முடியாது, கோபித்துக்கொள்ளவும் முடியாது. வெள்ளையடித்த மாடி காலியாகவே கிடக்கும். அதோடு, பிள்ளையைப் பெற்றவரை மருமகளின் பிறந்தவீட்டு மாடிக்குக் குடிவாருங்கள் என்று கூப்பிடுவதே அவருக்கு அவமானமாகப் பட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. அதனால் பேச வாய் திறக்கும்போதெல்லாம் அவர், "அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க சம்பந்தி" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். எண் தப்பாக இருந்தாலும் கடைசல்காரர் மரியாதைக்காக அதையே எடுத்துக் கொடுத்தார்.

நேற்று முழுக்க வேலை நன்றாகத்தான் நடந்தது. பேட்டரி வயரைக் கழற்றினார்கள். காருக்குள் கியர் கம்பியைப் பிடுங்கினார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை இறக்கினார்கள். கிளட்ச் கேபிள், செல்ஃப் மோட்டார், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எல்லாம் வரிசையாகக் கழன்று வந்து பழைய சாக்கின் மேல் படுத்தன. மிச்சமிருந்தது, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான். கீழே இருந்தவற்றை ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். மேலே இருப்பவற்றை எட்டவேண்டுமென்றால் தொந்தி இடம் கொடுக்க வேண்டும். ஆகையால் நீளக் கைக்காரரான கடைசல்காரர், "மேல இருக்கறதை நான் பார்த்துக்கறேன் சம்பந்தி" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் கேட்டார். "மேல எல்லாம் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்" என்றார் கடைசல்காரர்.

அதற்கப்புறம்தான் பெட்டி பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு இருவரும் பின்னால் இழுத்தார்கள். ஆட்டினார்கள். மரக்கட்டை வைத்துத் தட்டினார்கள். கடப்பாரையை நுழைத்து நெம்பினார்கள். துருவுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி ஊறப்போட்டார்கள். இன்று காலையும் அதே கதை. கடைசல்காரர் படுத்தபடியே ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தார். உள்ளே டவல் பின் என்று இரண்டு இரும்புக் குச்சிகள் பெட்டியை நேராக நிறுத்திப் பிடித்திருக்கும், அவை துருவேறியிருக்கலாம் என்றார். கிளட்ச் தட்டில் தண்டின் பல் கடித்துக்கொண்டிருக்கலாம் என்றார். பழைய காலத்து வார்ப்பிரும்பு வெயிலில் விரிந்திருக்கும், மாலையில் சுருங்கும் என்றும் சொன்னார். கேட்கக் கேட்க ஓட்டுநருக்கு அறிவு வளர்ந்ததே தவிர, பெட்டி நகரவில்லை.

காலையில் பல் டாக்டர் கிளினிக்குக்கு வேலைக்குக் கிளம்பிய மகள், காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களைப் பார்த்துவிட்டு நின்றாள். "எங்க டாக்டரை வேணா கூட்டிட்டு வரட்டுமா? கடைவாய்ப் பல்லையே ரெண்டு இழுப்புல எடுத்துடுவார்" என்றாள். நான்கு கால்களும் காருக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின. போகிற போக்கில் குனிந்து அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். கேட்டாச்சா என்று அந்தப் பார்வை கேட்டது. ஓட்டுநர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கடுத்து அவர் மனைவியின் போன் வந்தது. விஷயம் இன்னும் பேசப்படவில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம். நாளெல்லாம் ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏறு ஏறு என்று கூப்பிட்டவருக்கு ஒரே ஒருத்தரை வாங்க என்று கூப்பிடத் தெரியவில்லையா என்றாள். கூப்பிட்டதெல்லாம் கண்டக்டர், நான் வண்டிதான் ஓட்டினேன் என்று ஓட்டுநர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் அதைக் கேட்கத் தயாராக இல்லை. 'எங்க வீட்டை உங்க வீடா நெனச்சு' என்று தொடங்கும் ஒரு நீளமான பேச்சைச் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்ல வைத்த பிறகே போனை வைத்தாள்.

உச்சி வெயில் ஏறியதும் கடைசல்காரர் டீ போட உள்ளே போனார். ஓட்டுநர் தனியாகப் படுத்தபடி பெட்டியை முறைத்தார். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில், கீழ்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. மேலே போகப் போக அது குறைந்து, உச்சியில் ஒட்டிக்கொண்டே இருந்தது. துருவாக இருந்தால் சுற்றிலும் அல்லவா பிடிக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது.

எழுந்து, மூச்சு வாங்கி, காருக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு நாளில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்த இடத்தில் இருந்தார். கியர் கம்பி இருந்த இடத்தில் ஓட்டை வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதற்குள் டார்ச்சை விட்டுக் குனிந்து எட்டிப் பார்த்தார். உச்சியில் ஒரு போல்ட், ஒரு சுற்றுக்கூடத் திரும்பாமல், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். நேற்றிலிருந்து முதுகு ஒடிய இழுத்தது இதையா என்று பல்லைக் கடித்தார். நம் மொழியில் 'பார்த்துட்டேன்' என்பது மிகவும் சௌகரியமான சொல். வேலையைச் செய்து முடித்தவரும் அதைத்தான் சொல்வார், கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா வந்தவரும் அதைத்தான் சொல்வார். இன்னொருமுறை அழுத்திக் கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் சம்பந்தியிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்பது அவர் வார்த்தையைச் சந்தேகிப்பது போல ஆகிவிடாதா? மரியாதையால் இடுப்பு போனவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, கண்ணில் படாமல் விட்டிருப்பார் என்று நினைத்து இன்னொருமுறை வெளிச்சம் அடித்தார். சுற்றிலும் வருஷக்கணக்கான மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக்கிடந்தன. அந்த ஒரு போல்ட் மட்டும் நகை மாதிரி மின்னியது. யாரோ துணி போட்டு மூலை மூலையாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டிருந்தார்கள். லேத்தில் நின்ற கை. அழுக்கு இரும்பைப் பார்த்தால் துடைக்காமல் இருக்காது. ஆனால் துடைத்த கை ஸ்பேனரைப் போடவில்லை. போல்ட்டின் ஒரு முனைகூடத் தேயவில்லை.

ஓட்டுநர் டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனிதர் போல்ட் இருப்பது தெரிந்தேதான் நேற்றெல்லாம் கூட இழுத்திருக்கிறார். இழுத்த இழுப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை, நரம்பு புடைக்க இழுத்தார். நேர்மையான ஆள். போகாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய் வராமல், பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி ஒரு போல்ட்டிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தன் வீட்டு மாடிக்கு வெள்ளையடித்த ஒரு மாதத்தில், இந்த வீடு காலியாகப் போகிறதே என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்காததற்கு ஓட்டுநர் வெட்கப்பட்டார்.

கடைசல்காரர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். சம்பந்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மடியில் டார்ச் இருப்பதையும் பார்த்தார். நடை கொஞ்சம் தாமதமாயிற்று.

"மேல ஒரு போல்ட் இருக்கு சம்பந்தி" என்றார் ஓட்டுநர்.

"இருக்கா?"

"இருக்கு. நல்லா துடைச்சு எண்ணெயெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க. கழட்டறதுக்குத்தான் மறந்துட்டீங்க போல."

கடைசல்காரர் டம்ளர்களை பானெட்டின் மேல் வைத்தார். வேட்டி நுனியில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "மறக்கல" என்றார். அளவு தப்பிப் போன சாமானை முதலாளி முன்னால் வைப்பவர் மாதிரி நின்றார். "அதைக் கழட்டினா பெட்டி இறங்கிடும். பெட்டி இறங்கினா வண்டி சரியாயிடும். வண்டி சரியானா கிளம்பிடுவாங்க. ரெண்டு நாள் போகட்டுமேன்னு இருந்தேன். வேற ஒண்ணும் தோணல."

இந்த இடத்தில்தான் 'எங்க வீட்டை உங்க வீடா நெனச்சு' என்று ஓட்டுநர் ஆரம்பித்திருக்க வேண்டும். மனைவி அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லிக்கொடுத்த பேச்சில் ஒரு எழுத்துகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நீங்களும் வாங்க" என்றார். "எங்களோடவே வந்து இருங்க. நான் கூப்பிடறேன்."

கடைசல்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகளின் கல்யாணத்திலிருந்து இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த மரியாதை முழுவதும் ஒரே மூச்சில் கரைந்துபோனது.

"இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளா? பையன் கூப்பிட்டான், மருமக கூப்பிட்டா, சரி. வீடு யாரோடது? வீட்டுக்காரர் வாயைத் தொறக்காம நான் எப்படி மூட்டையைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறது? நேத்துல இருந்து பக்கத்துலயே படுத்துக் கிடக்கறீங்க. இழுங்கன்னீங்க, தள்ளுங்கன்னீங்க, முறுக்குங்கன்னீங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை வரலையே உங்க வாயில."

ஓட்டுநரை அவருடைய மேலதிகாரிகள்கூட இப்படித் திட்டியதில்லை. ஆனால் திட்டு வாங்க வாங்க மனசு லேசானது. "வர மாட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் மறுபடி எப்படிக் கேக்கறதுன்னு பயமா இருந்துச்சு" என்றார். அது உண்மை. உண்மையாக இருந்ததால் அதற்கு மேல் அலங்காரம் தேவைப்படவில்லை.

"நல்ல பயம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கடைசல்காரர் டீயை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் குடித்தார்கள். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தது. ஓட்டுநர் அதைச் சொல்லிக் காட்டினார். நேற்றாக இருந்தால் பிரமாதம் என்று சொல்லியிருப்பார்.

பிறகு கடைசல்காரர் காருக்குள் ஏறி, நீளமான இணைப்புக் கம்பியின் நுனியில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி ஓட்டைக்குள் விட்டார். ஓட்டுநர் டார்ச் அடித்தார். "வெளிச்சத்தை என் கண்ணுல அடிக்காதீங்கய்யா, போல்ட்ல அடிங்க" என்று அதட்டு விழுந்தது. எண்ணெயில் ஊறிய போல்ட், ஒரு முனகலோடு திரும்பிக் கழன்று வந்துவிட்டது. இருவரும் அடியில் போய்ப் படுத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினார்கள். பெட்டி இரண்டு தடவை இடமும் வலமும் ஆடியது. பிறகு இத்தனை அமர்க்களத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதது போலப் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்து ஜாக்கியின் மேல் உட்கார்ந்தது. உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் ஓட்டுநரின் சட்டையில் ஊற்றியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லாமல் படுத்தபடியே சிரித்தார்.

மகள் வேலை முடிந்து வந்தபோது பெட்டி வாசலில் சாக்கின் மேல் இருந்தது. கடைசல்காரர் தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். முதலில் பம்பரைப் பிடித்து, அப்புறம் கதவைப் பிடித்து, கடைசியில் சுவரைப் பிடித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தார். ஓட்டுநர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

இறங்கிவிட்டதா என்று மகள் கேட்டாள். கேட்டது பெட்டியைப் பற்றி. கண் மட்டும் அப்பாவைப் பார்த்தது. பதில் மாமனாரிடமிருந்து வந்தது.

"இறங்கிடுச்சும்மா. உங்கப்பா வீட்டுல எனக்கு எந்த ரூம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு. நானே கேட்டா, அவர் யோசிச்சு வாயைத் தொறக்கறதுக்குள்ள எனக்கு இன்னும் வயசாயிடும்."

மகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. தோளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"மாடி வேண்டாம்" என்றார் ஓட்டுநர். இந்தமுறை அவர் யோசிக்கவே இல்லை. "அந்தப் படி ஏற முடியாது அவரால. கீழ எங்க ரூமுக்கு அடுத்த ரூம் இருக்கு, அதுல இருக்கட்டும். ஒரே ஒரு கஷ்டம், நான் குறட்டை விடுவேன். சுவர் தாண்டிக் கேக்கும். முன்னாடியே சொல்லிட்டேன்."

கடைசல்காரர் ஒரு நிமிஷம் அதைத் தீவிரமாக யோசித்தார்.

"பட்டறைச் சத்தத்துல எனக்கு ஒரு காது எப்பவோ போயிடுச்சு சம்பந்தி" என்றார். "நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்துட்டுப் படுத்துக்கறேன்."